டப்பாவில் அச்சடித்திருந்தது

கார்லிங் ஃபெரி, ஐடஹோ
22 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி டெல்வினுக்கு,

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ மினசோட்டாவில் நலமாகத்தான் இருப்பாய். மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. கடிதத்தைக் கிழிப்பதானாலும் நாலு வரியாவது படித்துவிட்டுத்தானே கிழிப்பாய்?

அக்கி வந்து போன பிறகு இடுப்பில் எரிச்சல், தூக்கமே இல்லை என்று உன்னிடம் புலம்பியது என் தப்பு. "அக்கா, இது கஞ்சா இல்ல, சணல்லேருந்து எடுத்தது. அம்பது மாநிலத்துலயும் செல்லும். ஒண்ணு வாயில போட்டுக்கிட்டுப் படு" என்று உன் கடையிலிருந்து ஜெல்லி மிட்டாய் டப்பாவை அனுப்பினாய். டப்பாவிலும் அப்படித்தான் அச்சடித்திருந்தது. இருபது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். மருந்துச் சீட்டை மூன்று தரம் படிக்காமல் யாருக்கும் ஒரு மாத்திரை கொடுத்ததில்லை. தம்பி தந்தது என்பதால் ஒரு தரம்கூட யாரையும் விசாரிக்கவில்லை.

போன மாதம் உன் அத்தானும் நானும் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது பின்விளக்கு எரியவில்லை என்று வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தியது நம் கிப்தான், பக்கத்துத் தெருப் போலீஸ்காரன். இருக்கையில் கிடந்த டப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "வெர்லண்ணே, இது யாரோடது?" என்று உன் அத்தானைக் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "என்னோடதுதாம்ப்பா" என்றார்.

ஆய்வில் அதில் டி.எச்.சி., அதாவது கஞ்சாவில் போதை தரும் அதே சத்து, இருப்பது தெரிந்தது. உங்கள் ஊரில் அது கடைச் சரக்கு. எங்கள் மாநிலத்தில் துளி இருந்தாலும் குற்றம், ஒரு வருடம் வரை உள்ளே தள்ளலாம். எங்கள் வக்கீல் சொன்னார்: "அச்சடிச்சவனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. கையில வச்சிருந்தவனுக்குத்தான் எல்லாம்." பீட்கிழங்கு அறுவடை தொடங்கும் நேரத்தில் கம்பெனி உன் அத்தானை லாரியிலிருந்து இறக்கிவிட்டது. முப்பது வருடம் ஓட்டிய மனிதர், சமையலறை ஜன்னலில் நின்று அடுத்தவர்கள் லாரி போவதைப் பார்க்கிறார்.

அதை எனக்குத்தான் அனுப்பினாய், வலிக்காகத்தான் அனுப்பினாய் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடக் கேட்டேன். "எழுத்துல எதையும் கேக்காதக்கா, என் வக்கீல் கூடாதுங்கறார்" என்று போனை வைத்தவன்தான், அதன்பிறகு எடுக்கவே இல்லை. விற்கும்போது எந்த வக்கீலைக் கேட்டாய்? ஐம்பது மாநிலம் என்று வாய் கூசாமல் சொன்னாயே, அக்கா இருக்கும் ஒரு மாநிலத்தின் சட்டத்தைப் பார்க்க உனக்கு நேரமில்லையா?

திட்டிக்கொண்டே எழுதுகிறேன், ஆனால் உன்னைவிட எனக்கு என்மேல்தான் ஆத்திரம். உன் அத்தான் தன்னுடையது என்று சொன்னதும் கிப் திரும்பவும் ஒரு முறை என்னைப் பார்த்தான், டெல்வின். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. என் நர்ஸ் உரிமம் போய்விடும் என்று அந்த நொடியில் கணக்குப் போட்டேன்.

அக்டோபர் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, நீதிபதி முன்னால் உண்மையைச் சொல்லப்போகிறேன். உன் அத்தானுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் விடமாட்டார். உரிமம் போனால் போகட்டும்.

நீயும் உன் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். இனி அந்தக் கையெழுத்தைக் கேட்கமாட்டேன். காலை ஒன்பது மணிக்குக் கோர்ட். நான் எழுந்து பேசும்போது பின்வரிசையில் என் ரத்தம் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

உன் அக்கா,
நோரீன்