மகனுக்கு மஞ்சள் ஏறிய வாரம்

12.9.83, திங்கள்

காலையிலேயே மழை. மகனுக்கு ரத்தம் மாத்தணும். பதிலுக்கு என் ரத்தம் கொடுக்கப் போனேன். ஊசி குத்தவே இல்லை, அதுக்குள்ள மயக்கம். நர்ஸ் மிஸ்ஸி தண்ணி தெளிச்சு, "அப்பா, படுக்க வேண்டியது பிள்ளைலா, நீங்க இல்லை!" வரிசையில் நின்ன சீனக் கிழவர்கூடச் சிரிச்சார். மானம் போச்சு. ரத்தமும் கொடுக்கலை.

பிறந்து ஒரு வாரம் ஆகலை. கண்ணு, உள்ளங்கால் எல்லாம் மஞ்சள். பால் குடிக்கலை. மூளைக்கு ஏறினா ஆபத்தாம்.

13.9, செவ்வாய்

வெயில். ஃபேக்டரிக்கு எம்.சி. லீவு.

ரத்தம் மாத்தியாச்சு. மஞ்சள் கொஞ்சம் இறக்கம்.

டாக்டரம்மா, யாழ்ப்பாணத்துக்காரங்க, விளக்கினாங்க. சிவப்பணுவுக்குள்ள சர்க்கரையை வெச்சு வேலை செய்யற ஒரு என்சைமாம், அதுதான் அணுவுக்குக் காவல். பேர் ஜி-சிக்ஸ்-பி-டி. லாரி நம்பர் மாதிரி. மகனுக்கு அது குறைச்சல். காவலுக்கு ஜாகா இல்லாத ஃபேக்டரி, எனக்குப் புரிஞ்சது அவ்வளவுதான். தாய் வழியா வருமாம்.

அக்கா அதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. "கமுந்திங்ல பொண்ணு எடுக்காதேடான்னேன், கேட்டியா?" கட்டில்ல என் சம்சாரம் செல்வி, கமுந்திங்காரி. எல்லாம் காதில் விழுந்துச்சு.

அக்கா காப்பி வாங்கப் போனதும் டாக்டரம்மா: "பிள்ளையை என்ன துணியில சுத்தினனீங்கள்? பாச்சை உருண்டை போட்டு வச்ச துணியோ?" அந்த நெடி பட்டாலே இவனுக்கு அணு உடைஞ்சு மஞ்சள் ஏறுமாம்.

பச்சைப் பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது, அத்தையோட, அதாவது அக்காவோட, பழைய சேலைதான். அக்கா பாகான் டத்தோவிலிருந்து தகரப் பெட்டியோட கொண்டு வந்தா. துவைக்கலை. உதறினா, சுத்தினா. வீடே பாச்சை உருண்டை.

செல்வி மெதுவா, "உங்க அக்காகிட்ட நான் சொன்னா சண்டை. நீங்க சொல்லிடுங்க." தலையாட்டினேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அம்மா போனப்புறம் தோட்டத்துல ரப்பர் பால்மரம் வெட்டி என்னை வளர்த்தவ.

15.9, வியாழன்

பால் குடிச்சான்! கத்தினான், என் குரல், பாவம். நாளைக்கு வீடு.

வாங்க: பிள்ளைக்கு லம்பின் துணி, சோப்பு, அக்காவுக்கு வெத்தலை.

சாயங்காலம் வீட்டுல அக்கா இன்னொரு சேலையை உதறிக்கிட்டிருந்தா. "ஆஸ்பத்திரி சட்டம்கா, கடைத் துணிதானாம்." பொய். பெட்டியைத் தூக்கிக் கொல்லை ஸ்டோர்ல வெச்சேன். வீரன்.

16.9, வெள்ளி

சிலிபின் வீட்டுக்கு வந்தாச்சு. தூறல். அக்கா வாசல்ல ஆரத்தி சுத்தினா, கண்ணெல்லாம் தண்ணி. "பெத்தவ ரத்தமே உனக்கு எமனாயிடுச்சே, ராசா."

செல்வி என் வாயையே பார்த்தா.

"மழையில நிக்காதீங்க, உள்ள போங்க"ன்னேன்.

சொல்லாதது: அக்கா, குறை செல்வி வழியா வந்திருக்கலாம், பிள்ளையை மஞ்சளாக்கினது உன் பாச்சை உருண்டைச் சேலைதான்.