சுண்ணாம்புக் கோட்டு வீடு

கும்மிடிப்பூண்டி,
15-2-1978

அன்புள்ள கங்கம்மாவுக்கு,

உன் கணவன் லோகநாதன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் பல்வலி விட்டதா? பள்ளிப்பட்டில் எல்லோரும் சுகமா?

இங்கே ஒரு வேடிக்கை. போன மாதம் ஃபேக்டரிக்குப் பின்னால் காலி நிலத்தில் கட்டம் கட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். தொழிலாளர் குவார்ட்டர்ஸ்தான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். யாரும் சொல்லவில்லை. மூன்றாவது கட்டத்தை நமக்கென்று பிடித்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை அதற்குள் உட்கார்ந்தே சாப்பிட்டேன்.

வாட்ச்மேன் மாரியப்பன் வந்தார். "இன்னாபா, வெயில்ல குந்திகினு துன்ற?"

"எங்க ஊட்டு சமையல்கட்டுண்ணா இது."

அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

நேற்று முன்தினம்தான் விஷயம் தெரிந்தது. அது சைக்கிள் ஷெட்டாம். ஷிப்டு முழுக்கச் சிரித்தோம். உன் அடுப்பு மேடையில் இனி யார் சைக்கிள் நிற்குமோ.

மனக்கோட்டை என்பாய். கோட்டையா கேட்டேன், ஓர் அறையும் சமையல்கட்டும்தானே? இன்று கிணற்றுப் பக்கம் புதுக் கோடு போட்டிருக்கிறார்கள். "இது கண்டிப்பா குவார்ட்டர்ஸ்தாம்பா" என்கிறார் மாரியப்பன். நமக்கு ஒரு கட்டம் பிடித்தேன், அவரும் தனக்கு ஒன்று பிடித்துவிட்டார்.

ஆகவே, புதுச் சமையல்கட்டில் இடம் பார்க்க, நம் ஆட்டுக்கல்லின் அகலத்தை நூலால் அளந்து, அந்த நூலைக் கவரில் வைத்து அனுப்பு. சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

நூலில் உன் கை மஞ்சள் ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதே.

உன்
லோகநாதன்