படைக்க முதல் எடுத்து வைத்த பொங்கல்

அக்கா,

இன்றைக்குத் தைப்பொங்கல். காலையிலேயே உடையார்கட்டிலிருந்து உங்கள் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு சில்வர் கிண்ணத்தை என் கையில் தந்தார். மூடியைத் திறந்ததும் ஏலக்காயும் சர்க்கரையும் மணத்தன. கிண்ணத்தின் விளிம்பில் உங்கள் பெயர் வெட்டியிருந்தது.

உங்களோடு ஒரே சபையில் இருந்த எனக்கு அந்தக் கிண்ணத்தைத் தெரியும். ஞானஸ்நானம் எடுத்த பிறகு, படைத்ததை உண்ண மாட்டேன் என்று பிறந்த வீட்டில் சொல்லிவிட்டீர்கள். அந்த வருடம் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருடமே, சூரியனுக்குப் படைக்க முதல், படையலாகாத பொங்கலை உங்களுக்கென்று இதில் அள்ளி வைத்துவிட்டார். "அவனுக்கு என்ர ஆண்டவரைப் பிடிக்காது. நான் பசியோடை போனா அதுவும் பிடிக்காது" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "என்னைச் சுடலையிலை எரிக்க விட்டிடாதை. எங்கட சபைச் சேமக்காலையிலை புதைக்கச் சொல்லு." நான் ஓம் என்றேன். இதைத் தம்பியிடம் நீங்களே சொல்லியிருக்கலாம். என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள். அதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

உங்களை அடக்கம் செய்த அன்று விசுவமடுவில் உங்கள் வீட்டு முற்றத்துக்குத் தம்பி பறையோடு வந்தார். சனிக்கிழமைகளில் உங்களோடு தேவாலயம் கூட்டிய நம் சபைப் பெண்கள், பறையை அமுக்கவென்றே தொண்டை கிழியப் பாடினார்கள். பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நெருங்கிவிட்டார்கள். யாராவது ஒருவர் கையை ஓங்கியிருந்தால் போதும்.

"உங்கட சபைக்கு வந்தா எங்கட வீட்டுப் பிள்ளை இல்லையெண்டு ஆகுமோ? கொள்ளி நான்தான் வைப்பன்" என்று கத்தினார் தம்பி.

நான் பெட்டியின் தலைமாட்டுக்குப் போய் நின்றேன். "அண்ணை, எரிக்க வேண்டாமெண்டு அக்காதான் கேட்டவா. என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவா."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"உங்களுக்கு நோகுமெண்டு."

அவர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு கையைக் காட்டினார். பறை நின்றது. பாட்டும் நின்றது. அப்பாடா என்று நான் மூச்சுவிட, அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்தார்.

"வாய்க்கரிசி போடேலாது. போட்டா நான் ஜெபிக்கமாட்டன்" என்றார் பெட்டியருகே நின்ற நம் சபைப் போதகர்.

மறுபடியும் ஆட்கள் அசைந்தார்கள். தம்பி போதகரைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "தங்கச்சி, இது ஒண்டுக்கும் படைக்காதது. எங்கட வயல் நெல்லு. அவாவுக்கெண்டு முதலே எடுத்து வைச்சது."

உங்கள் முகத்திலிருந்த வெள்ளைத் துணியை நான்தான் விலக்கினேன், அக்கா. அவர் அரிசியை உதட்டோரம் வைத்துவிட்டு விம்மி அழுதார். கடைசியில் போதகர் வேதபுத்தகத்தைத் திறந்தார். சேமக்காலை வரைக்கும் பெட்டியின் முன்பக்கத்தைத் தம்பிதான் தோளில் சுமந்தார்.

அந்த வாய்க்கரிசிக்காக நம் பெண்களில் சிலர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அதற்காக நான் ஒதுங்கிவிடவில்லை. சனிக்கிழமையானால் தும்புத்தடியோடு தேவாலயம் கூட்டப் போய்விடுகிறேன். ஞாயிறுகளில் நாம் சேர்ந்து உட்காரும் வாங்கில்தான் இருக்கிறேன். பாட்டெடுக்கும்போது உங்கள் குரல் இல்லாதது பக்கத்தில் குளிராக இருக்கிறது.

காலையில் தம்பி வாசல் படலையடியில் வண்டியைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "வாற வருசம் நீ வீட்டுக்கு வாறியோ, தங்கச்சி? படைக்க முதலே வந்திடு."

ஓம் என்றேன், அக்கா. ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சொன்ன அதே ஓம்.