இருபத்தைந்துக்கு வெளியே

அன்புள்ள வாப்பாவுக்கு, மெஹர் நிஷாவின் ஸலாம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேர்லேண்டில் நாங்கள் நலம்.

ஆகஸ்டில் உங்கள் பேரன் முஆத் டாக்டர் படிப்பு வேண்டாமென்றதும் இவர், "இனி இந்த வீட்டுக்கு வராதே" என்றார். அவன் வரவேயில்லை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகளின் முதல் இருபத்தைந்து இடங்கள் இங்கே ஞாயிறுதோறும் வெளியாகும். அவன் கல்லூரி ஒன்பதிலிருந்து பதினான்குக்கு இறங்கிய வாரம், "நம்பர் கூடியிருக்கே, நல்லதுதானே?" என்று விவரம் தெரியாமல் மெசேஜ் அனுப்பினேன். உடனே போன் பண்ணிச் சிரித்தான். "அய்யோ உம்மா, ரேங்க்னா சின்ன நம்பர்தான் பெட்டர்!" அதன்பின் வாராவாரம் தெரிந்தே தப்பாகக் கேட்டேன். திட்டுவதற்காவது கூப்பிட்டான்.

நேற்றைய பட்டியலில் அந்த அணியே இல்லை. ஆனாலும் "இந்த வாரம் எத்தனை?" என்று கேட்டேன். "சீசன் ஓவர், உம்மா. இனிமே கேக்காதீங்க" என்று பதில் வந்தது. கூப்பிடவில்லை.

கவலைப்படாதீர்கள். ஊரிலிருந்து வருபவரிடம் இனிப்புக்குக் கொஞ்சம் தொதல் கொடுத்தனுப்புங்கள். முஆதுக்கும் அனுப்ப வேண்டும், விலாசம் கொடு என்று நீங்களே அவனிடம் கேளுங்கள். அறை மாறிவிட்டான், எங்கே என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லுவான்.

இவர் கார் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்
மெஹர் நிஷா