சார்ஜ் ஒரு சாக்கு

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவின் அம்மா எழுதுவது. எனக்கும் பாப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நலம் விசாரித்தது இவ்வளவு போதும். மீதிக் காகிதம் எனக்கு வேறு விஷயத்துக்கு வேண்டும்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் குரலை உயர்த்தினால் "சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவீர்கள். இல்லையென்றால் எனக்கு அழுகை வந்துவிடும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. லீவு முடிந்து துறைமுகத்துக்குத் திரும்பும் உங்கள் வெல்டர் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். நாலு பேர் எதிரில் பிரிக்க வேண்டாம். நீங்கள் எனக்குக் காட்டாத மரியாதையை நான் உங்களுக்குக் காட்டுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேராகவே கேட்கிறேன். நான் லாட்ஜில் யாரோடு இருக்கிறேன் என்று பார்த்து வரச் சொல்லி உங்கள் அக்காவை அனுப்பினீர்களா இல்லையா? யோசித்து ஒரு பொய்யைத் தயார் செய்ய வேண்டாம். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நீங்கள் அனுப்பிய குரல் பதிவையும் கேட்டுவிட்டேன். அதை எப்படிக் கேட்டேன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வண்டிக் கதையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்களுக்கு அது மறந்துபோயிருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன் லீவில் வந்தபோது இந்த எலெக்ட்ரிக் காரை வாங்கினீர்கள். நான் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கே ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போகிறாள், மழையில் நனைகிறாள் என்று நீங்களாகத்தான் வாங்கினீர்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். சாவிக்குப் பதில் ஒரு அட்டையை என் கையில் வைத்தீர்கள். வண்டியைப் பார்க்கிற ஆப்பை உங்கள் போனில் ஏற்றிக்கொண்டீர்கள். "உனக்கு எதுக்கு இதெல்லாம், நான் அங்கேருந்தே எல்லாத்தையும் கவனிச்சுப்பேன்" என்றீர்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் வண்டி நன்றாகத்தான் இருந்தது. சத்தமே கிடையாது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டிய அந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா, ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் காபி டம்ளரை அலமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டு நல்ல பிள்ளையாகக் கையை நீட்டுவார். கார் வந்த முதல் வாரமே டம்ளரும் வாயுமாக மாட்டிக்கொண்டார். "என்னம்மா, பூனை மாதிரி வந்து நிக்கறீங்க" என்று என்மேலேயே பாய்ந்தார். போனில் சொன்னேன், நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு எடுக்கும் சர்க்கரை டெஸ்டுக்காக உச்சி வெயிலில் மறுபடி நாலு வீடு ஏறி இறங்குவேன். வெயிலில் நின்ற வண்டியைத் திறந்தால் உள்ளே ஜில்லென்று இருக்கும். கடல் தாண்டி ஒரு கிரேன் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, நான் வெளியே வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணி அந்த ஆப்பிலேயே ஏசியைப் போட்டுவிட்டிருப்பீர்கள். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் நீங்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை என்று தோன்றும். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

சரி, அந்த வண்டிக்கு எங்கே சார்ஜ் போடுவது என்று நீங்கள் யோசித்தீர்களா? வாடகை வீடு, மூன்றாவது மாடி. நீங்கள் கிளம்பிய மறுவாரம் பால்கனியிலிருந்து ஒயரைக் கீழே தொங்கவிட்டுப் போட்டேன். பத்தே நிமிஷத்தில் கட்டடம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. இரண்டாவது மாடி தலைமையாசிரியர் காய்கறிப் பையோடு லிஃப்டுக்குள் முக்கால் மணி நேரம் நின்றார். குடியிருப்புச் செயலாளர் எல்லோர் எதிரிலும் என்னைக் கூப்பிட்டு, "வண்டி தீப்பிடிச்சா யாரும்மா பொறுப்பு? இனிமே இங்க ஒயர் தொங்கக் கூடாது" என்றார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அன்றைக்கே போனில் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "அதெல்லாம் நீ பாத்துக்க" என்றீர்கள். உடனே அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள்.

நானும் பார்த்துக்கொண்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜின் பின்பக்கம் சார்ஜர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு டாக்சிக்காரர் சொன்னார். நம் பக்கத்தில் வேறு எங்கும் கிடையாது. ஒரு பக்கம் ஜெனரேட்டர், இன்னொரு பக்கம் துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்புகள், நடுவில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு இடம். கேபிளை இழுத்து மாட்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். புதன், சனி, மாலை ஐந்து மணிக்குப் பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு அங்கே போவேன். அவள் பின்சீட்டில் வீட்டுப்பாடம் எழுதுவாள். நான் மறுநாள் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டுவேன். அந்த வாட்ச்மேன், பாவம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கென்று எடுத்து வைத்திருப்பார். ஒரு மணி நேரம் போகும். உங்கள் மனைவி லாட்ஜில் நடத்தும் வாழ்க்கை இதுதான்.

இதை உங்களிடம் ஒளித்தேனா? லாட்ஜுக்குப் பின்னால் சார்ஜர் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். "ம்" என்றீர்கள். பக்கத்தில் டிவி சத்தம் கேட்டது. நீங்கள் காதில் போட்டுக்கொள்ளாததற்கு நான் என்ன செய்வது? சரி, நான் சொன்னது போகட்டும். இருபத்துநாலு சதவீதத்தில் மாட்டி எண்பதில் கழற்றினேன் என்று அந்த ஆப்பே உங்களுக்குக் காட்டுமே. அந்த எண்ணைப் பார்க்காமல், மேப்பில் இருந்த லாட்ஜின் பெயரை மட்டும் பார்த்தீர்கள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை எனக்கு முன்னால் இரண்டு டாக்சிகள். முறை வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வண்டிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது, என் போன் செத்துக் கிடந்தது. அதன் ஒயரைப் பாப்பா பாட்டி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். நீங்கள் ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, என்னவோ ஏதோ என்று பதறிப்போய் நானே கூப்பிட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றீர்கள். எங்கே போயிருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? என்னிடம் கேட்காமல் அக்காவிடம் போனீர்கள்.

இரண்டு வாரத்துக்கு முன், புதன்கிழமை. உங்கள் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கி நேரே லாட்ஜின் முன்வாசலுக்குப் போயிருக்கிறார். வண்டி நம்பரைச் சொல்லி, அதில் வந்த பெண் எந்த ரூமில் இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். மேனேஜர் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வண்டி பின்னால் நிற்பது ஞாபகம் வந்து, அவரைக் கூட்டிக்கொண்டு எங்களிடமே வந்துவிட்டார். "மேடம், இந்த அம்மா உங்க ரூம் நம்பர் கேக்கறாங்க. நீங்க ரூம் எதுவும் போடலயே?" என்று உரக்கக் கேட்டார். வாட்ச்மேன் நிற்கிறார். டாக்சிக்காரர் நிற்கிறார். பாப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அத்தையைப் பார்க்கிறாள். என் கையில் லேபிள் ஒட்டாத குப்பி. எனக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. அதே சமயம் கூனிக் குறுகியும் போனேன், ஏதோ நிஜமாகவே தப்பு செய்துவிட்டவள் மாதிரி. அந்த ஒரு நிமிஷத்துக்காக உங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். பாப்பாவை அந்தப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, முன்சீட்டில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "தம்பி சொன்னான்னு புத்தி கெட்டுப்போய் வந்துட்டேம்மா" என்றார். நான் நம்பவில்லை. அவர் இல்லாததைச் சொல்கிறார் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு நம்பிக்கை உங்கள்மேல். அதனால்தான் அவர் போனை என் காதில் வைத்தார். உங்கள் குரல். "சார்ஜ் எல்லாம் ஒரு சாக்குக்கா. யாரு கூட இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா."

எனக்கு "நீ பாத்துக்க." அக்காவுக்கு "நீ பாத்துட்டு வா." வீட்டை, பிள்ளையை, வண்டியை, செயலாளரை, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள நான். என்னைப் பார்க்க ஒரு ஆள். நன்றாகத்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பாப்பா கேட்டாள், "அத்தை ஏம்மா ரூம் நம்பர் கேட்டாங்க?" அத்தைக்கு ஊருக்குப் போக நேரமாகிவிட்டது, தங்க ரூம் தேடினார்கள் என்று ஏதோ உளறினேன். "அப்ப ஏன் அழுதாங்க?" என்றாள். பன்னிரண்டு வயசு. அவளுக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து புதனும் சனியும் வந்தால் தலை வலிக்கிறது, பாட்டி வீட்டில் இருக்கிறேன் என்கிறாள். என்னோடு அங்கே வர அவள் கூச்சப்படுகிறாள். இதை நீங்கள்தான் அவளுக்குக் கொடுத்தீர்கள்.

உங்கள் அக்கா அன்று மாலையே உங்களைக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்லடா, நிஜமாவே சார்ஜ்தான் போடறா" என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் "சரி விடு" என்றீர்களாம். நான் விட வேண்டுமா? மறுநாள் என்னைக் கூப்பிட்டு எதுவுமே நடக்காதது மாதிரி "வண்டி நல்லா ஓடுதா?" என்று கேட்டீர்கள். ஓடுகிறது என்றேன். எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

நீங்கள் அப்படிக் கேட்ட அன்று மதியம் மூன்றாவது வீட்டிலிருந்து இறங்கி வந்து வண்டிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஜில்லென்று இருந்தது. ஏசியை அணைத்தேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, புழுங்கிக்கொண்டே லேப் வரை ஓட்டினேன். மறுபடி போட்டீர்கள், மறுபடி அணைத்தேன். "ஏன் ஏசி ஆஃப் ஆகுது, ரிப்பேரா?" என்று மெசேஜ் அனுப்பினீர்கள். வண்டியில் எந்த ரிப்பேரும் இல்லை.

நான் வேலையை விட மாட்டேன். வண்டியையும் விட மாட்டேன், அது எனக்கு வேண்டும். புதனும் சனியும் அதே லாட்ஜுக்குப் போவேன், அதே நாற்காலியில் உட்காருவேன். அந்த மேனேஜர் முகத்தையும் நிமிர்ந்துதான் பார்ப்பேன். முதல் தடவை கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

என்னிடம் மன்னிப்பு கேட்டுப் போனில் அழ வேண்டாம், எனக்கு மனசு இளகிவிடும். பாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அத்தை அன்று எதற்கு வந்தார் என்பதை நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வீர்களோ தெரியாது. பொய் சொல்லாமல், அவள் வயசுக்கு ஏற்றபடி, தப்பு உங்களுடையது என்று அவளுக்கு விளங்கும்படி எழுதுங்கள். எத்தனை தாள் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

அடுத்த மாதம் இருபதாம் தேதி லீவில் வருகிறேன், விமான நிலையத்துக்கு ஃபுல் சார்ஜ் போட்டுக்கொண்டு வா என்றீர்கள். நூறு ஏற இரண்டேகால் மணி நேரம் ஆகும். கடைசி இருபது மெதுவாகத்தான் ஏறும். அவ்வளவு நேரமும் நான் லாட்ஜில்தான் இருப்பேன். நீங்கள் அங்கே ஏர்போர்ட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு விமானத்துக்குக் காத்திருப்பீர்கள். அந்த இரண்டேகால் மணி நேரமும் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் உங்களால் இருக்க முடியுமா? பார்த்தீர்களா இல்லையா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. நீங்கள் என்ன சொன்னாலும் நான் நம்பத்தான் வேண்டும். முடியும் என்றால் எழுதுங்கள், வருகிறேன். முடியாதென்றால் வாடகைக் காரில் வந்துவிடுங்கள்.

காற்று அதிகம் இருக்கும் நாளில் கிரேன் மேல் ஏற வேண்டாம். பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா