பக்கத்து நாற்காலிக்காரியின் நான்கு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று இதை எழுதுகிறேன்.

என் வேலைதான் தெரியுமே. ரத்த அணுவிலுள்ள குரோமோசோமுக்கு இடுப்பு மாதிரி ஒடுங்கிய இடம் ஒன்றுதான் உண்டு. கதிர்வீச்சில் உடைந்து தப்பாக ஒட்டிக்கொண்டால் இரண்டு இடுப்பு வந்துவிடும். அப்படிப்பட்டவற்றை எண்ணி, எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்வோம். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும்.

போன வாரம் ஒரு எக்ஸ்ரே பணியாளரின் ரத்தம் வந்தது. என்னோடு எண்ணுகிற பக்கத்து நாற்காலிக்காரியை முந்த வேண்டும் என்று ஐந்நூறு அணுக்களையும் ஒரே மூச்சில் பார்த்தேன். ஒன்றுதான் கிடைத்தது. ஒன்று யாருக்கும் இருக்கும். அவள் நான்கு என்று எழுதியிருந்தாள்.

"ஒண்ணு மேல ஒண்ணு கிடக்கறதயெல்லாம் ரெண்டு இடுப்புன்னு சேத்துட்டா மேடம்," என்று எங்கள் ஆய்வகத் தலைவியிடம் நானே போய்ச் சொன்னேன்.

மேடம் திரையில் போட்டுப் பார்த்தார். நான்கும் சரி.

"எண்ணுனது ரெண்டு பேரும். பாத்தது அவ மட்டும்தான்."

அந்தப் பணியாளரை இப்போது வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். என் கணக்கை நம்பியிருந்தால் மறுநாளே அதே அறைக்குப் போயிருப்பார். நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அவள் மேல் எரிச்சல் அடங்கவில்லை.

அலமாரியில் என் கண்ணாடியின் பவர் சீட்டு இருக்கும், அனுப்புங்கள்.

இன்னொன்று. தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு அவளுடைய அம்மா அவளைப் போனில் கூப்பிடுகிறார். நீங்களும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்களேன். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் "சொல்லுங்கம்மா" என்பது அவள் காதில் விழுந்தால் போதும்.

ஸ்லைடு வந்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகள்