வைஷாலி தானே சொன்னது

புனே,
வியாழக்கிழமை.

பிரியமுள்ள அத்தானுக்கு,

ஃப்ளோரா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் ரியாவும் சரீர சுகத்தோடு இருக்கிறோம். கப்பல் கரை சேர்ந்ததும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனில் சொன்னால் ரியா காதில் விழும். தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

காலேஜில் ஒரு சிக்கல். வைஷாலியைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். பத்தொன்பது வயது, வீல்சேர், வாய்ப்பேச்சு கிடையாது, கம்ப்யூட்டரில் டிடிபி படிக்கிறாள். அவளுக்கு டேப்லெட்டில் பேசக் கற்றுக்கொடுத்தது நான்தான். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது கன்னத்தால் ஒரு பொத்தானைத் தட்டுவாள். எழுதி முடித்ததும் டேப்லெட் அதை மராத்தியில் வாசிக்கும். முதன்முதலில் அவள் சொன்னது, கேன்டீன் டீயில் சர்க்கரை போதவில்லை என்று. வகுப்பே சிரித்தது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, காலேஜ் வேன் இறக்கிவிட்டுப் போனதும், வெகுநேரம் தட்டித் தட்டி எழுதினாள். வேனில் ஏறியதும் டிரைவர் கேஷவ் டேப்லெட்டைப் பிடுங்கி முன் சீட்டில் போட்டுவிடுகிறானாம். எச்சில் வடிந்தால் அடிக்கிறானாம். பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்குகிறானாம். தோளை விலக்கிப் பார்த்தேன். கன்றிச் சிவந்து கிடந்தது.

அப்போது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பாவம், சீக்கிரம் சொல்லட்டும் என்று வேன், அடி, வலி, பயம், கேஷவ் என்ற சொற்களை ஒரு தடவை தட்டினாலே வரும்படி டேப்லெட்டில் சேர்த்துவிட்டேன். நான் புகார் சொன்னதும் பிரின்சிபால் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தச் சொற்களை யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். அப்படியானால் இது அவள் பேச்சா, உங்கள் பேச்சா என்றார். பெல்ட் போட்டால் தோல் சிவக்கத்தான் செய்யும், அவன் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறவன் என்றார்.

மறுநாள் கேட்டில் கேஷவ் என்னை நிறுத்தினான். குரலை உயர்த்தவேயில்லை. உங்கள் மகள் ரியா எந்த ஸ்டாப்பில் இறங்குகிறாள் என்று தனக்குத் தெரியும் என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்றிலிருந்து நானே ஸ்கூல் வாசலில் போய் நிற்கிறேன். ஏன் மம்மி என்று ரியா கேட்கிறாள். எதையோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

வைஷாலியின் அம்மாவும் பயந்து அவளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டாள். இவள் அப்பாவுக்கு ரஞ்சன்காவ் ஃபாக்டரியில் ஷிப்டு, நான் நாலு வீட்டில் சப்பாத்தி போடுகிறவள், வேனை விட்டால் யார் கொண்டுவிடுவது என்று அழுதாள்.

நேற்று காலேஜில் விசாரணை. வைஷாலியை அவள் அம்மா கூட்டி வந்திருந்தாள். வேறொரு காலேஜில் என்னைப் போலவே பேச்சு வராத பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் தேஜஸ்வினி என்பவரை வரவழைத்திருந்தார்கள். நான் சேர்த்த சொற்களை எல்லாம் அவர் நீக்கினார். வெறும் எழுத்து மட்டும்தான். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஐம்பது நிமிடம் வராந்தாவில் நின்றேன்.

அத்தான், உங்களிடம் மறைக்க மாட்டேன். அங்கே நிற்கும்போது என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் முதலெழுத்தைத் தட்டியதும் மிச்சத்தை நான் ஊகித்துச் சொல்லிவிட்டேனோ, அவளும் களைத்துப்போய் தலையாட்டிவிட்டாளோ, ஒருவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று. ஜெபம்கூட வரவில்லை.

பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். வைஷாலியின் கழுத்தெல்லாம் வேர்வை. தேஜஸ்வினி டேப்லெட்டை வாசிக்க வைத்தார். கேஷவ் என்னை அடிக்கிறான் என்றது. மனோஜையும் அடிக்கிறான், அவனிடம் டேப்லெட் இல்லை என்றது.

மனோஜ் அதே வேனில் வருகிற பையன், அவனுக்கும் பேச்சு வராது. அவனை அடிக்கிற விஷயம் எனக்கே தெரியாது. பிரின்சிபால் என் முகத்தைத்தான் பார்த்தார். இது அவள் பேச்சுதான் என்றார்.

கேஷவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போலீசிலும் எழுதிக் கொடுத்தாயிற்று. சாட்சி என்று என் பெயரும் நம் வீட்டு விலாசமும் அதில் இருக்கிறது. இன்று காலை நம் தெருமுனை டீக்கடையில் அவனைப் பார்த்தேன். என்னைப் பார்க்காதவன் போல நின்றான்.

வேறு டிரைவர் வரும்வரை வைஷாலியையும் மனோஜையும் நானே ஆட்டோவில் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ரியாவை ஸ்கூலிலிருந்து அழைத்துவர எதிர்வீட்டு பட்டு அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்தால் உங்களுக்குக் கை கால் ஓடாது, தெரியும். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வேலையை விட்டுவிடு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவேன். அப்படி இருக்கிறது என் மனசு.

கர்த்தர் உங்களைக் காற்றிலும் அலையிலும் காப்பாராக.

உங்கள் அன்பு மனைவி,
ஃப்ளோரா